சைக்கிளிலும் முதுகிலும் சுமக்க ஒரு கூடாரம்: முதல்முறை வாங்குவோருக்கு

கூடாரம் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். இரண்டு கிலோ தாங்குமா, ஒரு கிலோவுக்குக் கீழே கிடைக்குமா, கால் கிலோ குறைவதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே படுக்கப் போகிறீர்கள்? இணையத்தில் கிடைக்கும் கூடார அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு மலைகளில் படுப்பவர்கள் எழுதியது. அவர்கள் உள்ளிருக்கும் வெப்பத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நமக்கு அதை வெளியேற்ற வேண்டும். நம் சமவெளியில் இரவு பதினொரு மணிக்கும் தரை சூடாக இருக்கிறது. கொசு ஆண்டு முழுவதும் இருக்கிறது. முளை இறங்காத சிமென்ட் தரையில்தான் பல இரவுகள் இடம் கிடைக்கிறது. ஆகவே நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் காற்று, அடுத்தது தானே நிற்கும் தன்மை, பிறகு அளவு, அதற்கும் பிறகுதான் எடை.

இது மிதிவண்டியில் போகிறவர்களுக்கும் முதுகுப்பையோடு நடக்கிறவர்களுக்கும் எழுதியது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு எடைக் கணக்கு இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் சில பெயர்கள். கொசுவலையோ மெல்லிய துணியோ சுவராக, அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்திருப்பது உள்கூடு. அதன்மேல் போர்த்துவது மழைத்துணி. கடையில் ரெயின்ஃப்ளை என்பார்கள். இரண்டையும் தாங்கி நிற்பவை கழிகள், அதாவது போல்கள். தரையில் அடிப்பது முளை, கடைக்காரர் சொல்லில் பெக். மழைத்துணி வாசலுக்கு முன்னால் நீண்டு கூரையோடு ஒரு சிறிய இடத்தைத் தரும். வெஸ்டிபியூல் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். நம் வீட்டுத் தாழ்வாரம்தான் அது. செருப்பும் நனைந்த பையும் அங்கே கிடக்கும்.

1. பத்து இரவுகளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, வரும் ஓராண்டில் நீங்கள் வெளியே படுக்க வாய்ப்புள்ள பத்து இரவுகளை எழுதுங்கள். கனவுப் பயணங்களை விட்டுவிட்டு, உண்மையில் விடுப்புக் கிடைத்துப் போகப்போகிற இடங்களை எழுதுங்கள். நான் இப்படி எழுதியபோது கிடைத்த பட்டியல்: பள்ளிக்கூட வராந்தா, பெட்ரோல் பங்கின் பின்புறம், கோயில் மண்டபம், நண்பரின் தென்னந்தோப்பு, கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர்ப் பக்கம் அனுமதி பெற்ற ஒரு தனியார் தோட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி. பத்தில் ஆறு இரவுகள் சிமென்ட் தரையிலோ கூரைக்குக் கீழோ. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இது தேவைப்படும்.

காட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கூடாரம் அடிப்பது அதனினும் பெரிய தவறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு நடக்கலாம். அவை பெரும்பாலும் பகல் நடைக்கானவை, கூடாரம் தேவைப்படாது. ஆகவே இங்கே முதுகில் கூடாரம் சுமப்பவர் தனியார் தோட்டத்துக்கோ, உத்தராகண்ட், இமாசலப் பாதைகளுக்கோ போகிறவராகத்தான் இருப்பார். இமாசலம் உங்கள் தாளில் ஓர் இரவுதான் என்றால் அந்த ஓர் இரவுக்காகக் கூடாரம் வாங்காதீர்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும்.

பத்து இரவுகளும் கூரைக்குக் கீழே என்று தெரிந்தால் உங்களுக்குக் கூடாரமே வேண்டாம். குடை போல விரியும் கொசுவலை ஒன்றும் அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய்த் துண்டும் போதும். பணத்தை நல்ல படுக்கைக்குச் செலவிடுங்கள்.

2. காற்று

நான் முதலில் பயன்படுத்தியது ஒற்றைச் சுவர்க் கூடாரம். தனி உள்கூடு இருக்காது, மழைத்துணியே சுவர். மடித்தால் ஒரு தண்ணீர்ப் புட்டி அளவு, எடையும் மிகக் குறைவு. மே மாதத்தில் மரக்காணத்தைத் தாண்டி ஒரு தோப்பில் அதில் படுத்தேன். ஒரு மணிக்கு விழித்தபோது படுக்கை, சட்டை, தலையணையாக வைத்திருந்த பை எல்லாம் நனைந்திருந்தன. மழை இல்லை. கூடாரத்தின் உட்சுவரில் கையை வைத்தால் நீர் வழிந்தது. மீதி இரவைக் கூடாரத்துக்கு வெளியே, கால்வரை போர்த்திக்கொண்டு கொசுக்கடியில் கழித்தேன்.

நடந்தது இதுதான். ஒருவர் இரவு முழுவதும் மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் ஈரம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாது. வெளியே மெல்லிய துணி திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு விரைவில் குளிர்கிறது. உள்ளிருக்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த துணியில் பட்டதும், மோர்ப் பானையின் வெளிப்புறத்தில் துளிர்ப்பது போலத் துளிர்க்கிறது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இது இன்னும் எளிதாக நடக்கிறது. கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இப்படி உள்ளே வியர்த்தவைதான் என்பது என் எண்ணம்.

உள்கூடும் மழைத்துணியும் தனித்தனியாக உள்ள இரட்டைச் சுவர் இதைத் தடுப்பதில்லை. ஆனால் துளிகள் மழைத்துணியின் உட்புறத்தில் படிந்து, உங்கள்மேல் விழாமல் ஓரமாக வழிந்து தரைக்குப் போகும். நடுவில் வலை இருப்பதால் உங்கள் படுக்கை அந்த ஈரத்துணியைத் தொடாது. ஆகவே முதல்முறை வாங்குகிறவர் ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை, அது எவ்வளவு இலேசாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது உள்கூட்டின் சுவர். சமவெளிக்கும் கடற்கரைக்கும் மேல்பாதி முழுவதும் வலையாக இருக்க வேண்டும். முக்கால்பாகம் வலையாக இருந்தால் இன்னும் நல்லது. துணிச்சுவர் கொண்ட உள்கூடு கொடைக்கானல் தை மாத இரவுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதே கூடாரத்தில் சித்திரையில் விழுப்புரத்தில் தூங்க முடியாது. குளிருக்கு ஒரு போர்வையை அதிகமாக எடுத்துக்கொள்ளலாம். புழுக்கத்துக்கு அப்படி எதையும் எடுத்துப்போக முடியாது. இரண்டுக்கும் ஒரே கூடாரம் என்றால் வலைதான் சரி.

மழைத்துணியில் மூன்று இடங்களைப் பாருங்கள். அதன் கீழ்விளிம்பு தரையைத் தொடாமல் ஒரு சாண் அளவுக்கு உயர்ந்து நிற்க வேண்டும். அங்கிருந்துதான் குளிர்காற்று உள்ளே வரும். உச்சியில் மூடித் திறக்கும் சாளரம் இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலே போய் அதன்வழி வெளியேறும். கீழே நுழைவு இல்லாமல் மேலே சாளரம் மட்டும் வைத்துப் பயனில்லை. மூன்றாவது, மழைத்துணியின் கதவை முழுதாகச் சுருட்டிக் கட்ட முடிய வேண்டும். எதிரெதிரே இரண்டு வாசல்கள் இருந்தால் காற்று குறுக்கே ஓடும். இருவர் படுக்கும்போது ஒருவரை ஒருவர் மிதிக்காமல் வெளியே போகவும் அது உதவும். இரண்டாவது வாசலுக்காகக் கூடும் இருநூறு கிராமைச் சுமக்கலாம் என்பேன்.

3. தானே நிற்குமா?

கழிகளைச் செருகியதும், ஒரு முளைகூட அடிக்காமல், தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கும்படி நிற்கிற கூடாரம் தானே நிற்கும் வகை. சிலவற்றில் தலைப்பக்கம் நிற்கும், கால்பக்கத்து இரு மூலைகளையும் இழுத்து முளையடிக்க வேண்டும்; இவை பாதி நிற்பவை. மூன்றாம் வகை முளையும் கயிறும் இல்லாவிட்டால் வெறும் துணிக்குவியல். சுரங்கம் போல நீண்ட கூடாரங்களும், மலையேற்றக் கோல்களை நட்டுக் கட்டும் கூடாரங்களும் இந்த மூன்றாம் வகை.

எடை மிகக் குறைவானவை மூன்றாம் வகையில்தான் கிடைக்கும். கனடாவைச் சேர்ந்த டர்ஸ்டன் நிறுவனத்தின் எக்ஸ்-மிட் போன்ற ஒருவர் கூடாரம் ஒரு கிலோவுக்கும் குறைவு. இரு கோல்களோடு நடக்கிறவருக்கு அது அருமையான பொருள். சைக்கிள்காரரிடம் கோல் இருக்காது; கோலைத் தனியாகச் சுமந்தால் மிச்சமான எடை போய்விடும்.

உங்கள் தாளைப் பாருங்கள். சிமென்ட், தார், கல் பாவிய மண்டபம், மொட்டை மாடி என்று பாதிக்கு மேல் இருந்தால் தானே நிற்கும் வகையைத் தவிர வேறு பார்க்க வேண்டாம். இதில் இன்னொரு நன்மை உண்டு. கூரைக்குக் கீழே மழைத்துணியைப் பையிலேயே விட்டுவிட்டு உள்கூட்டை மட்டும் நிறுத்தலாம். நான்கு புறமும் காற்று வரும், தரையோடு தைத்த கொசுவலை அது. பள்ளிக்கூட வராந்தாவில் இப்படிப் படுத்த இரவுகளில்தான் நான் மிக நன்றாகத் தூங்கியிருக்கிறேன். உள்கூட்டை மட்டும் தனியாக நிறுத்த முடியுமா என்று வாங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கூடாரங்களில் கழி மழைத்துணியோடு இணைந்திருக்கும். அவற்றில் இது முடியாது.

பாதி நிற்பவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. கால்பக்க மூலைகளில் தண்ணீர் நிரம்பிய புட்டிகளையோ செங்கலையோ கட்டி இழுத்தால் சிமென்ட்டிலும் நிற்கும். கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

4. சாக்கட்டியால் ஒரு வீடு

பெட்டியில் ‘2 பேர்’ என்று இருந்தால், இரண்டு மெல்லிய படுக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இடைவெளி இல்லாமல் கிடக்கும் என்று பொருள். பைக்கு இடம் இல்லை. தனியாகப் போகிற சைக்கிள்காரர் இருவர் கூடாரம் வாங்கினால் பைகளோடு வசதியாக இருக்கலாம். தனியாக நடக்கிறவர் ஒருவர் கூடாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கணவன் மனைவி அல்லது நெருங்கிய நண்பர்கள் இருவர் கூடாரத்தில் சமாளிப்பார்கள். அறிமுகம் குறைந்த இருவர் மூவர் கூடாரம் பார்ப்பது நல்லது.

எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். கூடாரத்தின் அடித்தள அளவைக் குறித்துக்கொண்டு, சாக்கட்டியால் மொட்டை மாடியில் அதே அளவில் கட்டம் வரையுங்கள். தலைப்பக்கம் 125 செ.மீ., கால்பக்கம் 105 செ.மீ. என்று குறுகும் கூடாரங்கள் பல உண்டு. அந்தக் குறுகலையும் வரையுங்கள். பாயையோ படுக்கையையோ விரித்து, உடன் வருகிறவரோடு படுத்துப் பாருங்கள். புரண்டு படுங்கள். சாதாரணக் காற்றுப் படுக்கையின் அகலம் 51 செ.மீ.; அகலமானவை 63 செ.மீ. அகலமான இரண்டு, கட்டத்துக்கு வெளியே போவதைக் கண்ணாலேயே காண்பீர்கள். நீளத்தில் உங்கள் உயரத்தோடு முப்பது செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சுவர் சாய்வாக இறங்குவதால் தலையும் காலும் ஈரத்துணியை உரசாமல் இருக்க அந்த இடம் வேண்டும்.

உயரம்: சம்மணமிட்டு உட்கார்ந்து தலைக்குமேல் ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். பலருக்கு ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். மழையில் மூன்று மணிநேரம் உள்ளே அடைபட்டால் உட்கார முடியாத கூடாரம் முதுகை ஒடித்துவிடும்.

5. எடையும், எடையைவிட முக்கியமான நீளமும்

இப்போது எடைக்கு வரலாம். விற்பனைப் பக்கங்களில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று உள்கூடு, மழைத்துணி, கழி மட்டும் சேர்ந்த குறைந்தபட்ச எடை. மற்றொன்று முளை, கயிறு, பைகள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் இடையே இருநூறு முந்நூறு கிராம் வித்தியாசம் வரலாம். ஒரு கூடாரத்தின் முதல் எடையை இன்னொன்றின் இரண்டாம் எடையோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். நீங்கள் சுமப்பது மொத்த எடையைத்தான். கூடாரத்துக்கு அடியில் தனியாக விரிக்கும் அடிவிரிப்பு பெரும்பாலும் இரண்டிலும் சேராது. பொருள் வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

முதல் கூடாரத்துக்கு நான் சொல்லும் வரம்பு: தனியாக நடக்கிறவருக்கு ஒன்றரை கிலோ, சைக்கிளில் போகிறவருக்கு இரண்டு கிலோ, இருவர் பகிர்ந்து சுமப்பதானால் இரண்டேகால். இதற்குமேல் போனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அது தெரியும். இதற்குக் கீழே போகப்போக, குறையும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை வேகமாக ஏறும், துணி மெலியும். முதல் கூடாரத்தில் அனுபவக்குறைவால் ஒரு கிழிசலாவது விழும். அது மெல்லிய விலையுயர்ந்த துணியில் விழ வேண்டாம்.

சைக்கிள்காரருக்கு எடையைவிட முக்கியமானது, கழிகளை மடித்தால் வரும் நீளம். இதைப் பலரும் வாங்கிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். வளைந்த ஹேண்டில்பார் உள்ள சைக்கிளில், இருபுறமும் பிரேக் பிடிகளுக்கு நடுவே பை கட்டக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. சாதாரணக் கூடாரக் கழி மடித்தால் 45 செ.மீ. அளவுக்கு வரும், அதைக் குறுக்கே கட்டினால் பிரேக்கை அழுத்த முடியாது. இதற்காகவே கழியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டிய சைக்கிள் வடிவங்களைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. பிக் ஆக்னஸ் நிறுவனத்தின் காப்பர் ஸ்பர், எம்.எஸ்.ஆரின் ஹப்பா ஹப்பா ஆகியவற்றில் ‘பைக்பேக்’ என்ற பெயரோடு வருபவை இப்படிப்பட்டவை. விலை அதிகம்.

அவற்றை வாங்க முடியாவிட்டால் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுங்கள். கடைக்காரர் தந்த உறையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கழிகளைச் சட்டகத்தின் மேல்குழாயோடு சேர்த்துப் பட்டையால் கட்டலாம், அல்லது பின்பக்கப் பையில் செங்குத்தாக நிறுத்தலாம். உள்கூட்டைச் சுருட்டி ஹேண்டில்பாரில் கட்டலாம். மழைத்துணியைக் கேரியரின் மேல், எளிதில் எடுக்கும்படி தனியாக வையுங்கள். காலையில் அது நனைந்திருக்கும். மதியம் டீக்கடையில் நிற்கும்போது இருபது நிமிடம் வெயிலில் விரித்தால் காய்ந்துவிடும். உள்கூட்டோடு சேர்த்துச் சுருட்டினால் இரவில் இரண்டும் நனைந்திருக்கும். முதுகுப்பையிலும் இதே முறைதான்: கழி பையின் பக்கவாட்டில், உள்கூடு உள்ளே, ஈரத்துணி வெளிப்பையில்.

6. துணியின் மொழி

துணி விவரத்தில் வரும் ‘20டி’ என்பது டெனியர். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்று பொருள். ஒன்பது கிலோமீட்டர் நூல் இருபது கிராம்தான் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று நினைத்துப் பாருங்கள். ‘210டீ’ என்பது வேறு அளவு. ஓர் அங்குலச் சதுரத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை நூல் என்பதைக் குறிப்பது. இரண்டையும் ஒப்பிட முடியாது. 210 பெரிய எண் என்பதால் அதிக உறுதி என்று நினைக்க வேண்டாம். முதல் கூடாரத்துக்கு 20 முதல் 40 டெனியர் மழைத்துணி பொருத்தம். அடித்தளம் அதைவிடத் தடித்திருப்பது நல்லது. கருவேல முள் உள்ள ஊர் இது.

நைலான், பாலியெஸ்டர் இரண்டில் நைலான் அதே எடைக்கு அதிக உறுதி. ஆனால் நனைந்தால் தளரும். நன்றாக இழுத்துக் கட்டிய கூடாரம் நள்ளிரவு மழையில் தொய்ந்து உள்கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நம் வெயிலுக்குச் சற்றுக் கனமான பாலியெஸ்டரை நான் குறை சொல்லமாட்டேன்.

மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பது அது. மழைத்துணிக்கு 1500 போதுமானது. நல்ல தையல் உள்ள இலேசான கூடாரங்கள் 1200இலும் ஐப்பசி மழையைத் தாங்குகின்றன. முழங்கால் ஊன்றும் அடித்தளத்துக்கு அதைவிட அதிகம், 3000 இருந்தால் நிம்மதி. உண்மையில் மழை உள்ளே வருவது தையல் வழியாகத்தான். தையலின் உட்புறத்தில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் பட்டை ஒட்டாது. அவற்றுக்குத் தையல் முழுவதும் நீங்களே சிலிக்கான் பசை தடவ வேண்டியிருக்கும்.

7. கழியும் முளையும்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடியிழைக் கழி வேண்டாம், அலுமினியக் கழி வாங்குங்கள். கண்ணாடியிழை கனம் அதிகம். ஒடியும்போது நெடுக்காகப் பிளந்து, சிம்பு கையில் ஏறும், துணியையும் கிழிக்கும். அலுமினியக் கழி பெரும்பாலும் வளையும், வளைந்ததை ஓரளவு நிமிர்த்திக்கொள்ளலாம். 7001, 7075 என்ற எண்கள் நல்ல அலுமினியக் கலவைகளைக் குறிப்பவை. விரல் நீளத்தில் ஒரு சிறிய அலுமினியக் குழாய் கூடவே வர வேண்டும். கழி ஒடிந்த இடத்தில் அதைச் செருகி நாடா சுற்றினால் பயணம் தடைபடாது. அது இல்லாதபோது இரண்டு முளைகளைச் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல வைத்துக் கட்டி ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

கூடாரத்தோடு வரும் முளைகள் சில சமயம் ஆணியைவிடச் சற்றுத் தேவலை என்னும் அளவில் இருக்கும். மூன்று பட்டை கொண்ட அலுமினிய முளை பத்துத் தனியாக வாங்கிவிடுங்கள். செம்மண்ணிலும் சரளையிலும் அவை நிற்கும். கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால், தானே நிற்கும் கூடாரமானாலும் எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள். குறுகிய கால்பக்கத்தைக் காற்றுக்கு எதிரே திருப்புங்கள்.

8. வாங்கும்போது

கூடாரத்தை விரித்து வைத்திருக்கும் பெரிய விளையாட்டுப் பொருள் கடை உங்கள் ஊரில் இருந்தால் அங்கே போய்ப் படுத்துப் பாருங்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அளவு பிடிபடும். அத்தகைய கடைகளில் கிடைக்கும் தொடக்கநிலைக் கூடாரங்கள் விலை குறைந்தவை, உறுதியானவை. ஆனால் பெரும்பாலும் கண்ணாடியிழைக் கழி, இரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில் எடை. கேரியரும் பெரிய பைகளும் உள்ள சைக்கிளில் ஆண்டுக்கு இரண்டு முறை போகிறவருக்கு அது போதும். முதுகில் சுமப்பதற்கு வேண்டாம்.

நடுத்தர விலையில் சீன நிறுவனமான நேச்சர்ஹைக்கின் கூடாரங்கள் இந்தியச் சைக்கிள் பயணிகளிடம் அதிகம் காணப்படுகின்றன. அவர்களுடைய க்ளவுட் அப் பாதி நிற்கும் வகை, வாசல் ஒன்று. மோங்கார் தானே நிற்கும், இரண்டு வாசல், சற்றுக் கனம். மேலே சொன்ன வரிசைப்படி எனக்கு இரண்டாவதே நம் ஊருக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஒரே பெயரில் 20டி, 210டீ என இரண்டு துணிகளில் வரும். விலைப்பட்டியலில் எது என்று கவனியுங்கள். இன்னும் அதிகம் செலவிட முடிந்தவர்கள் காப்பர் ஸ்பர், ஹப்பா ஹப்பா பக்கம் போகலாம்.

பழைய கூடாரம் வாங்குவதானால் மூக்கைப் பயன்படுத்துங்கள். மழைத்துணியின் உட்புறம் பிசுபிசுப்பாக, புளித்த நாற்றத்தோடு இருந்தால், நீரைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

9. வீட்டில் முதல் இரவு

பொருள் வந்த அன்றே மொட்டை மாடியில் நிறுத்துங்கள். எல்லா ஜிப்பையும் பத்து முறை திறந்து மூடுங்கள். தோட்டக் குழாயால் பதினைந்து நிமிடம் நீரை மேலிருந்து மழைபோல விழவிட்டு, உள்ளே தையல்களில் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

மறுநாள் இருட்டில், நெற்றி விளக்கோடு நிறுத்திப் பழகுங்கள். மழையில் நிறுத்தும் முறையையும் ஒருமுறை பாருங்கள். பல கூடாரங்களில் உள்கூட்டை முதலில் நிறுத்தியே ஆக வேண்டும். மழையில் அது இரண்டு நிமிடம் நனையும். கழியைச் செருகியவுடன் மழைத்துணியை மேலே வீசி, அதன் அடியில் நுழைந்து மீதி வேலையைச் செய்ய வேண்டும். கைக்குப் பழகினால் நனைவது பாதியாகக் குறையும். அடிவிரிப்பு உள்கூட்டைவிட நான்கு விரல் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மழைநீரைப் பிடித்துப் படுக்கைக்கு அடியில் கொண்டுவரும்.

இடம் தேர்வதையும் பாதுகாப்பையும் பற்றிச் சில செய்திகள். தென்னை மரத்தடியில் ஒருபோதும் அடிக்காதீர்கள். தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. தோப்பில் என்றால் மரத்திலிருந்து நன்றாக விலகிய திறந்த இடம், அல்லது புளிய மரம் போன்ற அடர்ந்த மரத்தடி. அங்கே பனியும் குறைவாக விழும். மலையடிவாரத்தில் வறண்ட ஓடைப் படுகையின் மணல் மெத்தைபோல அழைக்கும். மேலே எங்கோ பெய்யும் மழை இரவில் அங்கே இறங்கிவரும். உள்கூட்டின் ஜிப்பை, ஐந்து நிமிடம் வெளியே போனாலும், கடைசிவரை மூடிவிட்டுப் போங்கள். பாம்பும் தேளும் பூரானும் உள்ளவரை இதில் விதிவிலக்கு கிடையாது. கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். துணி நொடிகளில் உருகும்; அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது.

10. திரும்பி வந்தபின்

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் கூடாரத்தைப் பிரித்து நிழலில் கொடியில் போடுங்கள். காய்ந்ததாகத் தோன்றினாலும் தையல்களில் ஈரம் இருக்கும். ஒரு பகல் முழுவதும் கிடக்கட்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஈரத்தோடு மூட்டை கட்டிய கூடாரத்தில் சில நாட்களிலேயே பூஞ்சை கரும்புள்ளியாக ஏறிவிடும். பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுக்கத் தொடங்குவதும் இப்படித்தான். கடலோரம் படுத்திருந்தால் நல்ல தண்ணீரில் ஜிப்பின் பற்களையும் கழி மூட்டுகளையும் கழுவுங்கள். உப்பு இரண்டையும் அரித்துவிடும். சோப்புத்தூளும் துணி துவைக்கும் இயந்திரமும் வேண்டாம்.

பயணத்துக்கு எடுத்துப்போகும் இறுக்கமான உறையில் மாதக்கணக்கில் திணித்து வைக்காதீர்கள். பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு, பீரோவின் மேல்தட்டில், சுவரைத் தொடாமல் வையுங்கள். கழிகளைப் பாதி மடித்தபடி விட்டால் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு நீண்ட நாள் தளராமல் இருக்கும். பக்கத்திலேயே ஊசி, நைலான் நூல், ஒட்டுத்துணி இரண்டு துண்டு, அந்தச் சிறிய அலுமினியக் குழாய் ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது தேட வேண்டியிருக்காது.